ஹார்ட் டிஸ்க் போனால் தரவும் போய்விடுமா?

லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று ஒரு கடைக்காரர் கைவிரித்த பிறகு, அதே டிஸ்க்கிலிருந்து கல்யாணப் படங்களையும் கணக்குக் கோப்புகளையும் வேறொருவர் அப்படியே எடுத்துக் கொடுப்பதுண்டு. கணினியோ அப்படி ஒரு டிஸ்க் தன்னோடு இணைக்கப்படவே இல்லை என்கிறது. கணினியின் கண்ணுக்கே படாத டிஸ்க்கிலிருந்து படங்கள் எப்படி வந்தன? இதற்கு நேரெதிராகவும் நடக்கும். மெதுவாகவாவது ஓடிக்கொண்டிருந்த டிஸ்க், சரிசெய்யும் மென்பொருளை ஓட்டிய மறுநாள் ஒன்றுக்கும் உதவாமல் போயிருக்கும்.

டிஸ்க் பழுதாவதும் அதிலுள்ள தரவு அழிவதும் தனித்தனி நிகழ்ச்சிகள். முன்னது நடந்தால் பின்னதும் நடந்தே தீரும் என்பதில்லை. பழுதுக்குப் பிறகு பதற்றத்தில் செய்யப்படும் காரியங்கள்தாம் பல நேரம் தரவை அழிக்கின்றன.

உறைக்குள்ளே இருப்பவை

லேப்டாப்பில் இருக்கும் இரண்டரை அங்குல ஹார்ட் டிஸ்க்கின் மூடிக்குள் ஒன்றிரண்டு வட்டத் தட்டுகள் உண்டு. பெரும்பாலும் கண்ணாடியாலான இவற்றின் மேல் கோபால்ட் கலந்த காந்தப் படலம் பூசப்பட்டிருக்கும். தரவு இருப்பது இந்தப் படலத்தில் மட்டுமே. எழுத்து, படம், பாட்டு எல்லாம் இங்கே நுண்ணிய காந்தப் பகுதிகளின் திசைகளாகப் பதிந்திருக்கின்றன. மின்சாரம் இல்லாமலே அவை ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 முறை, அதாவது நொடிக்கு 90 முறை சுற்றுகின்றன. அவற்றின் மேல் ஒரு கை குறுக்கும் நெடுக்குமாக அசைகிறது. அதன் நுனியில் இருப்பதே படிக்கவும் எழுதவும் செய்யும் முனை. சுழலும் தட்டு இழுத்துவரும் காற்றின் மேல் முனை மிதக்கிறது. தட்டுக்கும் அதற்கும் இடைவெளி சில நானோமீட்டர்தான். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியாத தூசும், ஏன், விரல் ரேகையின் எண்ணெய்ப்பசையும்கூட இந்த இடைவெளியில் ஒரு குன்று. இத்தனை நெருக்கத்தில் மெல்லிய காந்தப்புலங்களைப் பிரித்தறியும் முனைகளுக்கு வழி திறந்தது பேரளவுக் காந்தத்தடை என்ற விளைவு. அதைக் கண்டறிந்த ஆல்பெர் ஃபெர், பீட்டர் க்ரூன்பெர்க் இருவருக்கும் 2007-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

உறையின் வெளிப்பக்கம் பச்சையாகவோ நீலமாகவோ ஒட்டியிருக்கும் சர்க்யூட் போர்டு மோட்டாரை ஓட்டுகிறது, முனையை வழிநடத்துகிறது, கணினியோடு பேசுகிறது. இந்தப் போர்டு கருகினாலும், மோட்டார் இறுகினாலும், முனை செயலிழந்தாலும் தட்டில் பதிந்திருப்பதற்கு ஒன்றும் ஆகாது. காந்தப் படலத்தையே முனை உரசிச் சுரண்டும்போதுதான் தரவு உண்மையில் அழிகிறது.

1956-இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க்கான ராமாக், 24 அங்குல அகலமுள்ள 50 தட்டுகளில் 50 லட்சம் எழுத்துகளைச் சேமித்தது. இன்றைய அளவில் நான்கு மெகாபைட்டுக்கும் குறைவு. கைபேசியில் எடுக்கும் ஒற்றைப் படத்துக்கே அது போதாமல் போகலாம். அளவுதான் தலைகீழாக மாறியது. தட்டு, கை, முனை என்ற அமைப்பு இன்றுவரை அதேதான்.

டிஸ்க் தன்னையே மறக்கும்போது

கணினி ஏன் டிஸ்க்கையே காணோம் என்கிறது? மின்சாரம் வந்ததும் டிஸ்க் தன்னைப் பற்றிய விவரங்களை முதலில் தானே படித்துக்கொள்ள வேண்டும். தன் மாதிரி என்ன, கொள்ளளவு எவ்வளவு, எந்தெந்த இடங்கள் தொழிற்சாலையிலேயே கழித்துக்கட்டப்பட்டவை என்பன போன்ற குறிப்புகளும், ஃபர்ம்வேர் எனப்படும் அதன் உள் மென்பொருளில் பெரும்பகுதியும், பயனர் எட்ட முடியாத தனித் தடங்களில் அதே தட்டுகளில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. முனை அந்தத் தடங்களைப் படிக்க முடியாவிட்டால் டிஸ்க்குக்குத் தான் யார் என்றே தெரியாது. கொள்ளளவு பூஜ்யம் என்று சொல்லும், அல்லது பதிலே சொல்லாது. பயனரின் கோப்புகள் முழுவதும் நலமாக இருக்கும்போதே இப்படி நேரலாம்.

2008 இறுதியில் வெளிச்சத்துக்கு வந்த சீகேட் பாரக்குடா 7200.11 விவகாரம் இதற்குத் தெளிவான சான்று. டிஸ்க் தனக்காக வைத்திருந்த நிகழ்ச்சிப் பதிவேட்டின் எண்ணிக்கை ஒரு குறிப்பிட்ட இடத்தில் வந்து நிற்கும்போது மின்சாரம் போய்த் திரும்பினால், ஃபர்ம்வேர் பிழையால் டிஸ்க் தன்னைத்தானே பூட்டிக்கொண்டது. தட்டுகளில் கீறல் இல்லை, முனையில் குறையில்லை, தரவில் ஒரு பைட்டும் நகரவில்லை. ஆனாலும் கணினிக்கு அது இல்லாத டிஸ்க். நிறுவனம் பிழையை ஒப்புக்கொண்டு திருத்திய ஃபர்ம்வேரை வெளியிட்டது.

முதலில் காது, பிறகு கேபிள்

சோதனையை மென்பொருளில் தொடங்குவது வழக்கம். தொடங்க வேண்டியது காதில்.

நலமான டிஸ்க் மின்சாரம் பெற்ற சில நொடிகளில் மெல்லிய ரீங்காரத்தோடு வேகமெடுக்கும். முனை தன் நிறுத்துமிடமான சரிவுமேடையிலிருந்து தட்டின் மேல் இறங்கும்போது லேசாக ஒரு டிக் கேட்கும். அதன் பின் அமைதி. ஓசையே எழாவிட்டால் போர்டிலோ மின்னிணைப்பிலோ பழுது. ஒரே சீராகக் கீச்சிட்டு நின்று, மறுபடி கீச்சிட்டால், மோட்டார் சுற்ற முயன்று தோற்கிறது. முனை தட்டில் ஒட்டியிருக்கலாம், மோட்டாரின் தாங்கி இறுகியிருக்கலாம். ரீங்காரத்தோடு டக், டக், டக் என்று அடித்தால், தடங்களில் தொழிற்சாலையில் எழுதிய வழிகாட்டிக் குறிகளை முனை தேடிக் காணாமல், கை எல்லைவரை போய்ப் போய்த் திரும்புகிறது என்று பொருள். லேப்டாப் கீழே விழுந்த பிறகு இந்த ஓசை கேட்டால் முனை உடைந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

முக்கால் மீட்டர் உயர மேசையிலிருந்து விழும் பொருள் தரையைத் தொட ஏறத்தாழ 0.4 நொடி ஆகும். அதற்குள் முனையைத் தட்டைவிட்டு விலக்கிவிட, அசைவை உணரும் கருவியை 2003-இல் ஐபிஎம் தன் திங்க்பேடுகளில் சேர்த்தது. பிறகு மற்றவர்களும் சேர்த்தார்கள். ஆனால் மடியில் ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பை மேசையில் சட்டென்று வைக்கும்போது எழும் அதிர்வில் விழும் நேரம் என்று ஒன்று இருப்பதில்லை. அந்த அடியை எந்த உணரியும் முன்கூட்டி அறியாது.

டக் டக் ஓசையோ கீச்சொலியோ கேட்டால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, இனி இது ஆய்வுக்கூட வேலை என்று முடிவுசெய்ய வேண்டும். உடைந்த முனையின் கீழ் தட்டு சுற்றும் ஒவ்வொரு நிமிடமும் 5,400 சுற்று உரசல்.

ஓசை இயல்பாக இருந்தால் அடுத்த சந்தேகம் கேபிள்மேல் விழ வேண்டும். பல லேப்டாப்புகளில் டிஸ்க்கையும் மதர்போர்டையும் காகிதம்போன்ற மெல்லிய வளைகேபிள் இணைக்கிறது. அது நைந்துபோனாலும் டிஸ்க் பழுதானதுபோலவே காட்டும். டிஸ்க்கைக் கழற்றி, சாட்டா-யுஎஸ்பி இணைப்பி வழியாக வேறொரு கணினியில் மாட்டினால் சில நூறு ரூபாயில் தெரிந்துவிடும். டிஸ்க்கே வைத்திருக்கும் தன்னாய்வுக் குறிப்பேடான ஸ்மார்ட் பட்டியலும் இங்கே உதவும். அதில் 199-ஆம் வரி ஏறிக்கொண்டே போனால் கேபிளைப் பார்க்க வேண்டும். 5, 197, 198 ஆகிய வரிகள் ஏறினால் தட்டிலேயே கோளாறு.

ஸ்மார்ட் பட்டியல் சுத்தமாக இருந்தால் டிஸ்க் நலம் என்று எடுத்துக்கொள்வது தவறு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரைப்படி, பழுதான டிஸ்க்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. அதே வேளை, தன்னாய்வில் முதல் பிழையைக் காட்டிய டிஸ்க், காட்டாததைவிட அடுத்த 60 நாட்களில் பழுதாகும் வாய்ப்பு 39 மடங்கு. பட்டியல் கெட்ட செய்தி சொன்னால் நம்பலாம்; நல்ல செய்தியை நம்பக் கூடாது.

ஒரு 500 ஜிபி டிஸ்க்கின் கதை

திருமணப் படம் எடுக்கும் ஒருவரின் லேப்டாப்பை எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் திறக்க அரை மணி ஆகிறது, சில ஃபோல்டர்களைச் சொடுக்கினால் எல்லாம் உறைந்துபோகிறது. டிஸ்க்கின் ஓசை இயல்பு. ஸ்மார்ட் பட்டியலின் 197-ஆம் வரி பூஜ்யமாக இல்லை. படிக்க முடியாமல் போய், முடிவுக்காகக் காத்திருக்கும் கட்டங்களின் எண்ணிக்கை அது.

கட்டம் என்பது செக்டர். 500 ஜிபி டிஸ்க் ஒன்று 512 பைட் கொண்ட 97,67,73,168 கட்டங்களாக எண்ணப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்தோடும் பிழை திருத்த உதவும் கூடுதல் பிட்டுகள் சேர்த்தே எழுதப்படுகின்றன. திருத்த முடிந்தால் டிஸ்க் கட்டத்தை முழுமையாகக் கொடுக்கும். முடியாவிட்டால் கொடுக்கவே கொடுக்காது. கொடுக்க மறுப்பதற்கு முன், முனையைச் சற்றே நகர்த்தி, மறுபடி மறுபடி படித்துப் பல நொடிகள் போராடும். லேப்டாப் உறைந்துபோவது இந்தப் போராட்டத்தால்தான்.

இந்த நிலையில் பெரும்பாலோர் முதலில் ஓட்டுவது விண்டோஸின் செக் டிஸ்க். செய்யக் கூடாததில் முதலாவதும் அதுவே. கோப்புகளின் பட்டியலை ஒழுங்குபடுத்துவதே அதன் வேலை. தரவை மீட்பது அதற்கு இரண்டாம்பட்சம். படிக்க முடியாத பதிவுகளை அது வெட்டியெறிந்துவிட்டு, பட்டியல் சீராகிவிட்டது என்று அறிவிக்கும். அதோடு, நோயாளி டிஸ்க்கின் மேலேயே எழுதுகிறது. காத்திருக்கும் கட்டத்தின் மேல் புதிதாக எதையாவது எழுதி அது சரியாகப் பதியாவிட்டால், டிஸ்க் அந்தக் கட்டத்தைக் கைவிட்டு, உபரியாக வைத்திருக்கும் வேறொரு கட்டத்துக்கு அதன் எண்ணைக் கொடுத்துவிடும். பழைய கட்டத்தில் அரைகுறை உயிரோடு இருந்ததைப் பிறகு சாதாரண வழியில் எட்ட முடியாது.

வேண்டிய ஃபோல்டர்களை இழுத்து வேறு டிஸ்க்கில் போடுவதும் நல்ல வழியில்லை. பட்டியலைப் பார்க்க ஓரிடம், கோப்பைப் படிக்க வேறிடம் என்று முனை ஓயாமல் தாவும். முதல் கெட்ட கட்டத்திலேயே நகலெடுப்பு நின்றுவிடும்.

தேர்ந்தவர்கள் கோப்புகளைப் பற்றி இந்த நிலையில் கவலைப்படுவதே இல்லை. டிஸ்க்கை வேறொரு கணினியில் இணைத்து, அதன்மேல் எதுவும் எழுதிவிடாதபடி லினக்ஸை பென் டிரைவிலிருந்து இயக்கி, முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம்வரை அப்படியே வேறொரு நல்ல டிஸ்க்குக்கு நகலெடுக்கிறார்கள். இதற்கென்றே அந்தோனியோ தியாஸ் தியாஸ் எழுதிய இலவச மென்பொருள் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ.

அது எந்த வரிசையில் படிக்கிறது என்பதில்தான் சூட்சுமம். நலமான டிஸ்க்கை நொடிக்கு 80 மெகாபைட் வேகத்தில் படித்தால் 500 ஜிபி ஒன்றே முக்கால் மணியில் முடியும். கணக்குக்காக ஒரு லட்சம் கட்டங்கள் கெட்டிருப்பதாகவும், ஒவ்வொன்றிலும் டிஸ்க் 5 நொடி போராடுவதாகவும் வைத்துக்கொள்ளலாம். கெட்டது பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். அதற்கு ஆகும் நேரமோ 5 லட்சம் நொடி, ஏறத்தாழ ஆறு நாள். நொண்டியடிக்கும் டிஸ்க் ஆறு நாள் தாங்குமா என்பது சந்தேகம். கெட்ட இடம் தொடக்கத்திலேயே இருந்துவிட்டால், அதனோடு மல்லுக்கட்டியே முனை செத்துப்போகும். பின்னால் இருக்கும் 499 ஜிபி படிக்கப்படாமலே கிடக்கும்.

ஆகவே டிடிரெஸ்க்யூ பிழை வந்த இடத்தை உடனே தாண்டிக் குதித்து அப்பால் போகிறது. முதல் சுற்றில் எளிதாக வருவதை எல்லாம் அள்ளிக்கொள்கிறது. அடுத்த சுற்றில் எதிர்த்திசையில் வந்து, தாண்டிய பகுதிகளின் மறுகரையைத் தொடுகிறது. பிறகு கெட்ட பகுதிகளின் ஓரங்களைச் செதுக்கி, கடைசியில்தான் நடுவே எஞ்சியதைக் கட்டம் கட்டமாகச் சுரண்டுகிறது. எது வந்தது, எது வரவில்லை என்பதைத் தனிக் கோப்பில் குறித்துக்கொண்டே போவதால் நடுவில் மின்வெட்டு வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். டிஸ்க் சூடேறினால் நிறுத்தி ஆறவிட்டும் தொடரலாம்.

முடிவில் 30 மெகாபைட் மட்டும் வராமல் போனதாகக் கொள்வோம். அது சேமிப்பில் 0.006 சதவீதம். கெட்ட கட்டங்கள் பொதுவாக டிஸ்க் முழுக்கச் சிதறுவதில்லை. ஒரு கீறலை ஒட்டியோ, ஒரு தட்டின் ஒரு பக்கத்திலோ கூடிக் கிடக்கும். எனவே பாதிக்கப்படுவன சில படங்களாகவே இருக்கும். ஜேபெக் படத்தின் நடுவே ஒரு கட்டம் காணாமல் போனால், மேல்பாதியில் மணமக்கள் தெளிவாக இருப்பார்கள். அதற்குக் கீழே படம் பக்கவாட்டில் நகர்ந்து, நிறம் மாறி, சில சமயம் வெறும் சாம்பல் பட்டையாக முடியும்.

பட்டா தொலைந்த நிலம்

நகல் கையில் வந்த பிறகு கோப்புகளைத் தேடலாம். விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் முறையில் ஒவ்வொரு கோப்புக்கும் முதன்மைக் கோப்பு அட்டவணையில் பெரும்பாலும் 1,024 பைட் அளவில் ஒரு பதிவு உண்டு. பெயர், அளவு, தேதி, எந்தெந்தக் கட்டங்களில் கோப்பு இருக்கிறது என்பது எல்லாம் அதில் இருக்கும். கோப்பை அழிக்கும்போது ஹார்ட் டிஸ்க்கில் நடப்பது, இந்தப் பதிவு இனி பயன்பாட்டில் இல்லை என்று ஒரு குறி மாறுவதுதான். பட்டா தொலைந்தாலும் நிலம் அதே இடத்தில் இருப்பதுபோல, வேறெதுவும் மேலே எழுதப்படாதவரை படம் அங்கேயே இருக்கும். டிஸ்க்கை ஃபார்மேட் செய்யச் சொல்லி விண்டோஸ் கேட்பதும் பெரும்பாலும் அட்டவணையின் வாசல் சிதைந்ததால்தான்.

அட்டவணையே அடியோடு போயிருந்தால் கோப்பின் உருவத்தை வைத்துத் தேட வேண்டும். ஜேபெக் படம் எதுவானாலும் அதன் முதல் மூன்று பைட்டுகள் 255, 216, 255. கடைசி இரண்டு 255, 217. கிறிஸ்தோஃப் கிரெனியே எழுதிய போட்டோரெக் என்ற இலவச மென்பொருள் நகலைத் தலை முதல் கால்வரை துழாவி, இப்படிப்பட்ட முகப்பு அடையாளங்களைக் கண்ட இடத்திலெல்லாம் ஒரு கோப்பைப் பிரித்தெடுக்கிறது. படம் வரும், அதன் பெயரும் ஃபோல்டரும் வராது. துண்டு துண்டாகச் சிதறிச் சேமிக்கப்பட்ட கோப்புகளும் சரியாக வருவதில்லை. ஆயிரக்கணக்கான பெயரற்ற படங்களைத் தேதிவாரியாகப் பிரிப்பது உரிமையாளரின் பொறுமைக்கு விட்ட வேலை.

திறந்துபார்ப்பதும் உறைபெட்டி வைத்தியமும்

முனை உடைந்த டிஸ்க்கைத் திறந்தே ஆக வேண்டும். அதற்குரிய தூய காற்றறையில், 0.5 மைக்ரோமீட்டரும் அதற்கு மேலும் பருமனுள்ள துகள்கள் கன அடிக்கு நூறுக்கு மேல் இருக்கலாகாது. வீட்டுக் காற்றில் அவை லட்சக்கணக்கில் மிதக்கின்றன. மாற்று முனைக்கு அதே மாதிரியில், அதே ஃபர்ம்வேர் வரிசையில், முடிந்தால் அதே காலத்தில் தயாரான இன்னொரு டிஸ்க் பலியாக வேண்டும். அதைத் தேடிச் சென்னை ரிச்சி தெரு போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் அலைவதற்கே நாள் பிடிக்கும். கட்டணத்தில் ஒரு பகுதி இந்த அலைச்சலுக்கு.

போர்டு கருகியதென்றால் அதே எண்ணுள்ள போர்டை வாங்கி மாட்டினால் தீரும் என்ற நம்பிக்கை பழைய டிஸ்க்குகள் காலத்தது. ஒவ்வொரு டிஸ்க்கின் முனைகளுக்கும் தட்டுகளுக்கும் ஏற்பத் தொழிற்சாலையில் அளந்து எழுதிய அளவுகள் போர்டிலுள்ள சிறு சிப்பில் இருக்கின்றன. பழைய போர்டின் சிப்பைப் பெயர்த்துப் புதியதில் பற்றவைத்தால்தான் பெரும்பாலான டிஸ்க்குகள் பேசும்.

டிஸ்க்கைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைக்கும் வைத்தியத்துக்கும் ஒரு காலத்தில் ஓரளவு நியாயம் இருந்தது. அன்றைய டிஸ்க்குகளில் முனை தட்டின் மேலேயே இளைப்பாறும். ஒட்டிக்கொண்டதைக் குளிர்ச்சியின் சுருக்கம் எப்போதாவது விடுவித்தது. இன்றைய லேப்டாப் டிஸ்க்கில் முனை தட்டுக்கு வெளியே சரிவுமேடையில் நிற்கிறது. டிஸ்க்கின் உறையில் காற்றழுத்தம் சமப்பட ஒரு சிறு துளையும் உண்டு. வெளியே எடுத்ததும் தட்டில் பனித்துளி படிந்தால், முனைக்கு அது சுவர். இந்த வைத்தியம் கைவிடப்பட வேண்டியது.

வானிலிருந்து விழுந்த டிஸ்க்

2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் பூமிக்குத் திரும்பும்போது சிதறி, ஏழு விண்வெளி வீரர்களும் இறந்தனர். செனான் வாயுவின் பாகுநிலையை ஆராய்ந்த கருவி ஒன்றின் ஹார்ட் டிஸ்க், மாதங்கள் கழித்து, வற்றிய ஏரிப்படுகை ஒன்றில் கிடைத்தது. உலோகமும் பிளாஸ்டிக்கும் உருகி, தூசு புகாமல் காக்கும் அடைப்பும் போயிருந்தது. க்ரோல் ஆன்ட்ராக் நிறுவனப் பொறியாளர்கள் தட்டுகளைக் கழற்றி, வேதிப்பொருள்களால் துடைத்து, புதிய டிஸ்க் ஒன்றின் உடலுக்குள் பொருத்திப் படித்தார்கள். ஏறத்தாழ 99 சதவீதத் தரவு கிடைத்தது. அதைக் கொண்டு எழுதிய ஆய்வுக்கட்டுரை 2008-இல் ஃபிசிக்கல் ரிவ்யூ இ இதழில் வெளியானது.

தட்டுகள் வளையவில்லை. அவற்றில் குழிகள் விழுந்திருந்தாலும், டிஸ்க் பாதியளவே நிரம்பியிருந்ததால் தரவு எழுதப்படாத இடத்திலேயே அவை விழுந்திருந்தன. டாஸ் என்ற பழைய இயங்குதளத்தில் இயங்கியதால் தரவும் தொடர்ச்சியாக, ஓரிடத்தில் இருந்தது. அதே விண்ணோடத்திலிருந்து கிடைத்த வேறு இரண்டு டிஸ்க்குகளிலிருந்து எதுவும் எடுக்க முடியவில்லை.

எது திரும்ப வராது

முனை சுரண்டிய காந்தப் படலம் உறைக்குள் கறுப்புத் தூசாகக் கிடக்கும். அதிலிருந்து எதையும் படிக்க வழியில்லை. மேலே ஒருமுறை புதிதாக எழுதப்பட்ட கட்டத்தின் பழைய உள்ளடக்கத்தையும் இன்றைய டிஸ்க்குகளில் மீட்க முடியாது. விண்டோஸின் பூட்டுமுறையான பிட்லாக்கரால் பூட்டிய டிஸ்க்கை எவ்வளவு நேர்த்தியாக நகலெடுத்தாலும், கடவுச்சொல்லோ 48 இலக்க மீட்புச் சாவியோ வேறு சாவியோ இல்லாவிட்டால் கிடைப்பது பொருளற்ற எண்குவியல்.

இப்போது விற்கும் லேப்டாப்புகளில் பெரும்பாலும் சுழலும் தட்டே கிடையாது. எஸ்எஸ்டி எனப்படும் சிப் சேமிப்பகம்தான். அதில் கோப்பை அழித்தால், இந்தக் கட்டங்கள் இனி வேண்டாம் என்று இயங்குதளம் டிரிம் என்ற கட்டளை அனுப்புகிறது. எஸ்எஸ்டி தன் ஓய்வு நேரத்தில் அவற்றை உண்மையிலேயே துடைத்துவிடுகிறது. ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழித்து, அதன் பிறகு சில மணி நேரம் ஓடிய எஸ்எஸ்டி என்றால், எடுத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் முன்பணம் கொடுக்க வேண்டியதில்லை.